கல் வியர்க்கிறது: நான் வாங்கியது அசல் இரும்பு விண்கல்தானா?

மேடவாக்கம் முகில் | திங்கள், இரவு 9.12

வணக்கம் நண்பர்களே. நாலு மாதம் முன்பு இணையத்தில் ஓர் இரும்பு விண்கல் வாங்கினேன். 214 கிராம். கூடவே வந்த சின்ன அட்டையில் "காம்போ டெல் சியெலோ, அர்ஜென்டினா" என்று அச்சடித்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், காய்ந்த இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். புத்தக அலமாரியில் வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் சிக்கல் ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் கல்லின் பள்ளங்களில் காப்பி டிக்காஷன் நிறத்தில் சின்னச் சின்னத் துளிகள். துடைத்தால் மறுநாள் மறுபடியும். போன வாரம் சேலத்திலிருந்து மாமா வந்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதுக்கா காசு கொடுத்தே? எங்க காட்டுல ஏர் ஓட்டினா வண்டி வண்டியா வரும்" என்று சிரித்தார். சொன்னதோடு விடவில்லை, ஊருக்குப் போய் ஒரு கல்லைப் பேருந்தில் கொடுத்தும் அனுப்பிவிட்டார். இப்போது அலமாரியில் இரண்டு கல். இரண்டும் கருப்பு, இரண்டிலும் காந்தம் ஒட்டுகிறது. நான் ஏமாந்துவிட்டேனா?

வார்ப்படம் சுப்பு | திங்கள், இரவு 10.40

தம்பி, கோவையில் வார்ப்பட ஆலை ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இரும்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவன் நான். ஓய்வுக்கு அப்புறம் இந்தக் கல் பைத்தியம் பிடித்தது.

முதலில் அந்த டிக்காஷன். அது உங்கள் கல்லுக்கு ஆதரவான சாட்சிதான், ஆனால் அரைகுறை சாட்சி. காம்போ டெல் சியெலோ விழுந்து நாலாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலமும் வட அர்ஜென்டினாவின் சாக்கோ சமவெளியில் மண்ணுக்கடியில் கிடந்த கல். மண்ணில் உள்ள உப்பின் குளோரைடு வெடிப்பு வழியாக உள்ளே ஊறிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் அந்தக் குளோரைடு தண்ணீரை இழுத்து இரும்பைத் தின்று பழுப்பாக வெளியே கசியும். ஆனால் கடலில் கிடந்த பழைய நங்கூரமும் இப்படித்தான் வியர்க்கும்.

காந்தத்தை நம்பாதீர்கள். உங்கள் மாமா ஊர்ப்பக்கம் கஞ்சமலை முழுக்க மேக்னடைட் என்ற இரும்புத் தாது. அதுவும் ஒட்டும். அந்தக் காலத்தில் உலை வைத்து இரும்பு எடுத்தபோது கொட்டிய கிட்டமும் பல சமயம் ஒட்டும். மாமா அனுப்பியது கிட்டம் என்றுதான் என் ஊகம். உடைந்த பக்கத்தில் குமிழி விட்ட ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.

காசில்லாமல் ஒரு சோதனை சொல்கிறேன். சமையலறைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுசாக முக்குங்கள். தராசு காட்டும் கிராமால் கல்லின் எடையை வகுங்கள். இரும்பு விண்கல்லுக்கு 7.5, 8 என்று வர வேண்டும். கிட்டம் பாதிக்கும் கீழே நிற்கும். முடிந்ததும் கல்லை நன்றாகக் காய வைத்துவிடுங்கள்.

மேடவாக்கம் முகில் | செவ்வாய், காலை 7.05

அம்மா சட்னி அரைக்கக் காத்திருந்த நேரத்தில் சமையலறையை ஆக்கிரமித்துச் செய்து முடித்தேன். வாங்கிய கல்: 214 கிராம், தண்ணீரில் 28. வகுத்தால் 7.6. மாமா கல்: 180 கிராம், தண்ணீரில் 52. வகுத்தால் 3.5தான். அதன் உடைந்த பக்கத்தில் கடுகு அளவில் ஓட்டைகள் இருக்கின்றன, ஓரிடத்தில் பாகு வழிந்து உறைந்த மாதிரி கோடுகளும்.

வார்ப்படம் சுப்பு | செவ்வாய், காலை 8.30

வழிந்த கோடு இருந்தால் அது உலைக்குழியிலிருந்து ஓடி வந்த கிட்டமேதான். உங்கள் கல் தேறுகிறது. ஆனால் 7.6 என்பது இரும்பு என்று மட்டும்தான் சொல்லும். பழைய எடைக்கல்லை உடைத்தாலும் 7க்கு மேல்தான் வரும். மேற்கொண்டு சோதித்தால்தான் உறுதி.

கரூர் செல்வம் | செவ்வாய், மதியம் 1.15

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தெரிந்த ஒருவர், வானத்திலிருந்து விழுந்த இரும்பில் இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்கும் என்கிறார். முன்பணம் கேட்கிறார். அரிசியைக்கூட இழுக்கிறதாம். விண்கல்லில் இரிடியம் உண்டா இல்லையா?

பாறைப்பிரியா | செவ்வாய், மதியம் 2.02

உண்டு அண்ணா. எவ்வளவு என்பதுதான் கேள்வி. முகில் வைத்திருக்கும் காம்போ டெல் சியெலோவில் ஒரு கிலோவுக்கு மூன்று நாலு மில்லிகிராம். அவருடைய கல்லில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதைப் பிரித்தெடுக்கும் செலவில் ஒரு கிராம் கடையிலேயே வாங்கிவிடலாம். அரிசியை எந்த விண்கல்லும் இழுக்காது. இது கலசத்துக்குப் பதில் கல்லை வைத்து நடக்கும் அதே பழைய இரிடியம் மோசடி. முன்பணம் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விழும் அல்லது கிடைக்கும் விண்கற்களுக்கு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்தான் பாதுகாவலர். வயலில் உண்மையிலேயே ஒன்று கிடைத்தால் வட்டாட்சியர் வழியாக அவர்களிடம் சேர வேண்டும், விற்கக் கிளம்பக் கூடாது.

வார்ப்படம் சுப்பு | செவ்வாய், மாலை 6.20

முகில், கல்லின் ஒரு மூலையை அரம் போட்டு நகக்கண் அளவுக்குத் தேயுங்கள். வெள்ளி மாதிரி உலோகம் தெரிய வேண்டும். அந்த இடத்தில், எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுக்கலாம். உலோகத்தைத் தரம் பிரித்து வாங்கும் பழைய இரும்புக் கடைகளிலும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள், கேட்டால் அடித்துக் காட்டுவார்கள்.

எண்ணைப் படிக்கும் விதம் இதுதான். நிக்கல் 5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. நிக்கலோடு கோபால்ட் அரை சதவீதம் அக்கம்பக்கமாக வந்தே ஆக வேண்டும். மாங்கனீசு ஏறக்குறைய சுழியம். மனிதன் உருக்கிய எஃகில் மாங்கனீசு இல்லாமல் இருக்காது, கந்தகத்தைக் கட்டிப்போட நாங்களே போடுவோம். குரோமியம் தெரிந்தால் அது எவர்சில்வர் பாத்திரத்தின் உறவு.

சிங்கை வேலன் | செவ்வாய், இரவு 11.48

பதினைந்து வருடமாகச் சேர்க்கிறேன். முகிலுக்கும், இதைப் படித்துவிட்டு நாளைக்கே வாங்கக் கிளம்பப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கல்லைவிட அட்டை முக்கியம். எந்த விண்கல், எந்த நாடு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு போனால், அசல் கல்லும் வெறும் இரும்புத் துண்டுதான். அட்டையில் உள்ள பெயர், அங்கீகரித்த விண்கற்களின் பட்டியலான மீட்டியரிட்டிகல் புல்லட்டின் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாமல் "இரும்பு விண்கல், அரியது" என்று மட்டும் போட்டு விற்பதை நான் தொடுவதே இல்லை.

புதியவர்களுக்கு நான் சொல்லும் கல் சிகோடே-அலின். 1947 பிப்ரவரி 12, காலை. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சூரியனைவிடப் பிரகாசமான நெருப்புக்கோளம் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்து இரும்பு மழையாகக் கொட்டியது. இமான் என்ற ஊரில் ஓர் ஓவியர், மெத்வேதெவ் என்று பெயர், அந்த நேரத்தில் படம் வரைய உட்கார்ந்திருந்தார். பார்த்ததை அப்படியே வரைந்துவிட்டார். பத்து வருடம் கழித்து சோவியத் அரசு அந்த ஓவியத்தை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. என்னிடம் கல்லும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் யோசிப்பேன்.

இதில் இரண்டு ரகம் உண்டு. வானத்திலேயே பிரிந்து தனியாகப் பறந்து வந்தவற்றில் காற்று இழைத்த பள்ளங்கள் இருக்கும், பிசைந்த களிமண்ணில் பெருவிரலை அழுத்தின மாதிரி. தாழ வந்தும் தரையில் மோதியும் வெடித்துச் சிதறியவை குண்டுச் சில்லு மாதிரி முறுக்கிக்கொண்டு கூராக நிற்கும். முதல் ரகத்துக்குத்தான் விலை, அதனால் போலியும் அதில்தான். வார்ப்பில் ஊற்றிய போலிகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளங்கள் எல்லாம் ஒரே ஆழம், ஓரங்கள் மொண்ணை. சுப்பு ஐயா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

மழலை மேகம் | புதன், காலை 6.30

நமீபியாவின் கிபியோன் விண்கல்லை வெட்டி அமிலம் தடவினால் தெரியும் பட்டை ரொம்ப அழகு என்கிறார்களே, அது வாங்கலாமா?

சிங்கை வேலன் | புதன், காலை 7.10

அழகுதான். ஆனால் கிபியோன் கற்களை நமீபியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. வின்ட்ஹூக் நகரத்துக் கடைத்தெருவிலேயே அந்தக் கற்களைத் தூண்மேல் தூணாக நிறுத்தி நீரூற்று வைத்திருக்கிறார்கள். தடைக்கு முன்பே வெளியே வந்த பழைய சேகரிப்புத் துண்டு என்று காகிதம் காட்டினால் யோசிக்கலாம். அர்ஜென்டினாவிலும் 2007இல் தேசியச் சட்டம் வந்துவிட்டது. முகில், உங்கள் விற்பனையாளரிடம் இந்தக் கல் எந்த வருடம் அங்கிருந்து வெளியே வந்தது என்று கேளுங்கள்.

மேடவாக்கம் முகில் | புதன், காலை 9.25

கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இதை வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் தோன்றவே இல்லை.

ஆகாயம் அருண் | புதன், மதியம் 12.50

எனக்கு எது பிரமிப்பு என்றால், இதெல்லாம் ஒரு காலத்தில் ஒரு கிரகத்தின் மையத்தில் இருந்தவை. கிரகம் உடைந்து அதன் கரு சிதறி நம் மேசைக்கு வந்திருக்கிறது!

பாறைப்பிரியா | புதன், மாலை 4.35

அருண், அந்தக் கதை எல்லாக் கற்களுக்கும் பொருந்தாது. பொருந்தாத கூட்டத்தில்தான் முகிலின் கல்லே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "ஒரு கிரகம்" என்பதே தவறு. இரும்புக் கற்களை நிக்கல், காலியம், ஜெர்மானியம், இரிடியம் இவற்றின் அளவைப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கிறார்கள். ஒன்றுஏபி, இரண்டுஏபி, மூன்றுஏபி, நான்குஏ என்று பத்துப் பன்னிரண்டுக்கு மேல் குடும்பங்கள், அதில் எதிலும் சேராத அனாதைகள் வேறு. பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒரு தாய்க்கோள் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே சிறுகோள்கள், பூமி மாதிரி பெரிய கிரகம் எதுவும் இல்லை.

உருகி அடியில் தங்கிய கரு என்று எப்படித் தெரியும்? பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் ஆடாமல் அசையாமல் வைத்தால் நூலில் முதலில் ஒட்டுவது சுத்தமான கற்கண்டு, மற்றதெல்லாம் கடைசிப் பாகில் தங்கிவிடும். உருகிய இரும்புக் கரு உறையும்போது இரிடியம் கற்கண்டு மாதிரி, முதலில் உறையும் இரும்போடு போய்விடும். கடைசியில் உறைந்ததில் அது மிகக் கொஞ்சம்தான் இருக்கும். மூன்றுஏபி குடும்பத்தின் கற்களை வரிசைப்படுத்தினால் இரிடியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைந்துகொண்டே வருகிறது. ஒரே பெரிய உலோகக் குளம் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்தால்தான் இப்படி வரும். சிகோடே-அலின் இரண்டுஏபி. அதுவும் இப்படி ஒரு கருதான்.

காம்போ டெல் சியெலோ ஒன்றுஏபி. இந்தக் குடும்பத்தில் அந்த வரிசை இல்லை. பதிலாக உள்ளே கல் துணுக்குகளும் கிராஃபைட்டும் சிக்கிக் கிடக்கின்றன. ஒழுங்காக உருகிப் பிரிந்த கருவில் கல் எப்படித் தங்கும்? மேலே மிதந்துவிடாதா? அதனால் முழுசாக உருகாத ஒரு சிறுகோளில், மோதல் நடந்த சூட்டில் அங்கங்கே தேங்கிய உலோகக் குட்டைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

நம் ஊர்க் கல் ஒன்றும் இப்படித்தான். 1898இல் பழனி மலைப் பக்கம் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது, கொடைக்கானல் என்றே பெயர். இரண்டுஇ குடும்பம். வெட்டினால் இரும்புக்குள் கண்ணாடி மணி மாதிரி சிலிகேட் உருண்டைகள், அதாவது பாறைக் கனிமம். அந்த உருண்டைகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டு. சூரியக் குடும்பம் பிறந்து எண்பது தொண்ணூறு கோடி ஆண்டு ஆன பிறகு, எல்லாக் கருக்களும் எப்போதோ ஆறி முடிந்த பிறகு, ஏதோ ஒரு மோதல் இதை மறுபடி சூடாக்கியிருக்கிறது. இரும்பு விண்கல் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான், ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகாயம் அருண் | புதன், மாலை 5.10

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்போது கிபியோன் கருவா, குட்டையா?

பாறைப்பிரியா | புதன், மாலை 5.40

கரு. ஆனால் போர்வை இல்லாத கரு. கிபியோன் சேர்ந்த நான்குஏ குடும்பத்துக் கற்கள் ஆறிய வேகத்தை அளந்தபோது ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம் வந்தது. பாறை மூடிய கரு என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆற வேண்டும். ஆக, மோதலில் மேல் பாறை உரிந்துபோய், சுமார் 300 கிலோமீட்டர் குறுக்களவில் வெறும் உலோக உருண்டையாக நின்று வெளியிலிருந்து ஆறியது என்கிறார்கள். இப்படி ஒன்றை நேரில் பார்க்கலாமா என்றுதான் நாசா 2023 அக்டோபரில் சைக்கி என்ற விண்கலத்தை அதே பெயருள்ள சிறுகோளுக்கு அனுப்பியிருக்கிறது. 2029இல் போய்ச் சேரும்.

மேடவாக்கம் முகில் | வெள்ளி, இரவு 8.15

நேற்று ஒரு பழைய இரும்புக் கடையில் அடித்துப் பார்த்தாயிற்று. கடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது எந்த மெஷின் பார்ட் சார்?" என்றார். நிக்கல் 6.7, கோபால்ட் 0.4, மாங்கனீசும் குரோமியமும் தெரியவில்லை. மீதி இரும்பு. விற்பனையாளரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. 2007க்கு முந்தைய சேகரிப்பிலிருந்து பிரித்ததாம், முதல் ரசீதின் நகலும் அனுப்பியிருக்கிறார்.

வார்ப்படம் சுப்பு | வெள்ளி, இரவு 9.00

அப்புறம் என்ன, அசல். வாழ்த்துகள். ஆசை இருந்தால் ஒரு முனையை மட்டும் வெட்டிப் பட்டை பார்க்கலாம். பட்டை தெரிந்துவிட்டால் யாரும் எதுவும் பேச முடியாது. நிக்கல் 6 முதல் 16 சதவீதம் உள்ள இரும்பு ஆறும்போது, நிக்கல் குறைந்த காமசைட்டும் நிறைந்த டெனைட்டும் தனித்தனித் தகடுகளாகப் பிரியும். பிரிய எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? ஒரு டிகிரி ஆறப் பல ஆயிரம் வருடம். எங்கள் ஆலையில் பெரிய வார்ப்பை மணலோடு விட்டு மூன்று நாள் ஆற வைப்போம், அதற்கே மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். எந்தப் போலிக்காரனும் இந்த உலையைக் கட்ட முடியாது. அவனால் முடிந்தது மேலே லேசரில் கோடு போடுவதுதான். ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், அசலில் பட்டை பக்கவாட்டிலும் தொடரும்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. 1804இல் நேபிள்ஸில் தாம்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு விண்கல்லின் துருப் படலத்தை நீக்கத்தான் நைட்ரிக் அமிலத்தில் போட்டார். துரு போனது, பட்டை வந்தது. நாலு வருடம் கழித்து வியன்னாவில் விட்மான்ஸ்டேட்டன் வெட்டிய துண்டை நெருப்பில் காட்டி அதையே பார்த்தார். பெயர் பின்னவருக்குப் போய்விட்டது. துருவோடு மல்லுக்கட்டுவதில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

வெட்டும்போது தண்ணீர் வேண்டாம், எண்ணெய் ஊற்றி மெதுவாக. 1200 வரை உப்புத்தாள். பிறகு நைட்டால், அதாவது ஆல்கஹாலில் கொஞ்சமே கொஞ்சம் நைட்ரிக் அமிலம். வீட்டில் கலக்காதீர்கள், அடர்த்தி ஏறினால் வெடிக்கும். தெரிந்த கல்லூரி உலோகவியல் ஆய்வகத்தில் கேளுங்கள்.

மழலை மேகம் | வெள்ளி, இரவு 9.30

ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் பெரிக் குளோரைடு போதாதா?

வார்ப்படம் சுப்பு | வெள்ளி, இரவு 9.41

பட்டை வரும். கூடவே குளோரைடையும் கல்லுக்குள் ஊட்டிவிடுவீர்கள். ஏற்கனவே வியர்க்கும் கல்லுக்கு அது வேண்டாம்.

சிங்கை வேலன் | சனி, காலை 10.20

சிங்கப்பூரிலும் இதே ஈரம்தான், அதனால் பாதுகாப்பது பற்றி என் அனுபவம். துருவை மென்கம்பித் தூரிகையால் நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு நாள் ஊறவைத்து, மின்சார ஓவனை மிகக் குறைந்த சூட்டில் வைத்துக் காயவைப்பேன். சூடு ஆறும் முன் தையல் மெஷின் எண்ணெய் தடவுவேன். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், சிக்குப் பிடித்து நாறும். அதற்கப்புறம் காற்றுப் புகாத டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் ஓவனில் சூடாக்கிக் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பேன், எண்ணெய் தடவும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அலமாரியில் திறந்து வைத்து ரசிக்கிற பாக்கியம் நமக்கெல்லாம் இல்லை.

மேடவாக்கம் முகில் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00

பட்டை வந்துவிட்டது!

நண்பர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்தில் செய்தோம். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய வெட்டுமுகம். அமிலம் பட்டு முதல் நிமிடம் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறம். எனக்கு வயிறு கலங்கியது. பிறகு ஒரு மூலையிலிருந்து புகை கலைந்த மாதிரி மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் பட்டைகள் மேலெழுந்தன. குறுக்கும் நெடுக்குமாக, ஓலைப்பாய் முடைந்த மாதிரி. விளக்கை நகர்த்தினால் ஒரு பட்டை அணைந்து பக்கத்துப் பட்டை எரிகிறது. நடுவில் சிவந்த பொன்னிறத்தில் ஒரு பொட்டு.

பாறைப்பிரியா | ஞாயிறு, மாலை 5.22

அந்தப் பொட்டு டிரோய்லைட்டாக இருக்கலாம், இரும்பு சல்பைடு. இதே குடும்பத்தைச் சேர்ந்த அரிசோனாவின் கேன்யன் டயாப்லோ கல்லில் இருந்து எடுத்த டிரோய்லைட்டின் ஈயத்தை அளந்துதான் 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்று சொன்னார்.

ஒரு வேண்டுகோள். மாமா கொடுத்த கிட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் காட்டில், எந்தப் பக்கம் கிடைத்தது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அதற்கும் ஓர் அட்டை வேண்டும் இல்லையா?

மேடவாக்கம் முகில் | ஞாயிறு, இரவு 9.50

மாமாவுக்குப் பட்டையின் படத்தை அனுப்பியதும் பத்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் அழைத்தார். "வானத்து இரும்பு சரி, எங்க காட்டு இரும்பை யார் காய்ச்சினது?" என்று கேட்டார். கிணற்று மேட்டுக்குக் கிழக்கே கிட்டம் அதிகமாகக் கிடக்கிறதாம், சுட்ட மண்ணில் விரல் நுழையும் ஓட்டையோடு குழாய்த் துண்டுகளும் உண்டாம். சின்ன வயதில் அதை ஊதி விளையாடியிருக்கிறார்.

வார்ப்படம் சுப்பு | ஞாயிறு, இரவு 10.03

தம்பி, அது உலைக்குத் துருத்தி ஊதின குழாய். அந்த மேட்டை இனி உழ வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். நான் அடுத்த வாரம் சேலம் வருகிறேன்.